அப்பாவின் சொத்தும் வருமான வரியும்: வாரிசுகள் வரிசையாகச் செய்ய வேண்டியவை

அப்பா 2023 அக்டோபர் 17 அன்று தவறினார். காரியத்துக்கு வந்த உறவினர்கள் பலரும், "வாரிசாக வரும் சொத்துக்கு வரி கிடையாது, அதைப் பற்றிக் கவலைப்படாதே" என்று ஆறுதல் சொன்னார்கள். அது உண்மைதான். இந்தியாவில் உயில் மூலமாகவோ வாரிசுரிமையாகவோ கைக்கு வரும் பணத்துக்கும் வீட்டுக்கும் நகைக்கும், வந்த நாளில் வரி இல்லை. ஆனால் அதைச் சுற்றி இருக்கும் எல்லாவற்றுக்கும் வரிக் கணக்கு உண்டு. இறந்தவரின் கடைசி ரிட்டர்ன், அதற்குப் பிறகு வரும் வட்டி, வாடகை, விற்கும்போது வரும் லாபம், பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம் என்று பல. இது எனக்கு ஒவ்வொன்றாக, தாமதமாகத்தான் புரிந்தது. ஒன்றரை ஆண்டு அலைந்தேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்ப நிலவரம் இது: திருச்சியில் ஒரு வீடு, அதன் மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம், இரண்டு வங்கிகளில் வைப்புநிதி, கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட். அப்பா ஓய்வூதியம் வாங்கியவர். உயில் எழுதவில்லை. வாரிசுகள் நான்கு பேர்: அம்மா, நான், சிங்கப்பூரில் இருக்கும் தங்கை, அப்பாயி (அப்பாவின் அம்மா).

படிக்கும் முன் ஒன்று. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறிவிட்டதால் நான் எண்களைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கிறேன். தொகைகள் எந்த ஆண்டுக்கு உரியவை என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. முதலில் பெயரைச் சரிபாருங்கள்

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. பதிவு செய்யக் கொடுக்கும் தாளில் பெயரை எழுதும் முன், அவருடைய பான் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பெயர்களின் சிக்கலே இனிஷியல்தான். ரேஷன் கார்டில் ஒரே ஓர் எழுத்து இருக்கும். பான் அட்டையில் தாத்தாவின் பெயர் முழுதாக விரிந்து, சில சமயம் முன்னாலும் பின்னாலும் மாறி இருக்கும். வீட்டுப் பத்திரத்தில் மூன்றாவது விதமாக இருக்கும். எங்கள் விஷயத்தில் இறப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருந்தது. அதனால் என் விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளும் கடந்துபோனது.

ஏற்கெனவே சான்றிதழ் வாங்கிவிட்டீர்கள் என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வையுங்கள். எனக்கு 400 ரூபாய் ஆனது. தமிழ்நாட்டில் பதிவான சான்றிதழை crstn.org தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பத்துப் பிரதியாவது எடுத்து வையுங்கள், எல்லாம் செலவாகும்.

2. வாரிசுச் சான்றிதழ்

இதை வட்டாட்சியர் தருகிறார். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். முதலில் குடிமக்கள் கணக்கு எண் ஒன்று போட்டுத் தருவார்கள். இறப்புச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் ஆதார், ரேஷன் கார்டு, உறுதிமொழி ஆகியவற்றைக் கேட்பார்கள். விஏஓ விசாரித்து, வருவாய் ஆய்வாளர் பார்த்து, பிறகு வட்டாட்சியருக்குப் போகும். எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. விஏஓ விசாரணைக்கு வரும் நாளில் அக்கம்பக்கத்தில் விவரம் தெரிந்த இருவர் வீட்டில் இருந்தால் வேலை விரைவாக நடக்கும்.

இங்கே பலர் செய்யும் பெரிய தவறு, இறந்தவரின் தாயை விட்டுவிடுவது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்குச் சம பங்கு. "அப்பாயிக்கு வயதாகிவிட்டது, அவர் பெயர் எதற்கு" என்று எங்கள் வீட்டிலும் ஒருவர் சொன்னார். நல்லவேளை, சான்றிதழில் சேர்த்தோம். விட்டிருந்தால் வீட்டை வாங்க வந்தவரின் வழக்கறிஞர் அங்கேயே நிறுத்தியிருப்பார். கிறித்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்குப் பங்கு முறை வேறு. அதற்குத் தனியாக வழக்கறிஞரைக் கேளுங்கள்.

3. இறந்த தேதியில் ஆண்டை வெட்டுங்கள்

எல்லாக் குழப்பத்தையும் தீர்க்கும் படி இது. நிதியாண்டின் வருமானத்தை இறந்த தேதியை வைத்து இரண்டாகப் பிரிக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் 2023 ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 17 வரை உள்ள ஓய்வூதியம், வட்டி, வாடகை எல்லாம் அப்பாவின் வருமானம். அவர் பான் எண்ணில்தான் அதற்கு ரிட்டர்ன் போட வேண்டும். அக்டோபர் 18 முதல் வந்த வட்டியும் வாடகையும் வாரிசுகளின் வருமானம், அவரவர் பங்குப்படி.

மாடி வாடகை மாதம் 9,000 ரூபாய் அம்மாவின் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. அதனால் அது அம்மாவின் வருமானம் என்று நினைத்தேன். அப்படி இல்லை. பணம் எந்தக் கணக்கில் விழுந்தாலும், வீட்டில் பங்கு யாருக்கோ வருமானமும் அவருக்குத்தான். வாடகையில் 30 சதவீதத்தைக் கழித்துவிட்டு மீதியை நான்காகப் பிரித்து நால்வர் கணக்கிலும் காட்ட வேண்டியிருந்தது.

அம்மாவுக்கு வரும் குடும்ப ஓய்வூதியமும் வரிக்கு உட்பட்டதே. அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 15,000 ரூபாய், எது குறைவோ அதைக் கழிக்கலாம். புதிய வரி முறையில் (வீதம் குறைவு, கழிவுகளும் குறைவு) 2024-25 முதல் இந்த உச்சவரம்பு 25,000. ஆயுள் காப்பீட்டில் இறப்புக்குப் பின் வரும் தொகைக்கு வரி இல்லை.

இறப்பு ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையில் நேர்ந்திருந்தால் அனேகமாக இரண்டு ரிட்டர்ன் போட வேண்டியிருக்கும்: முடிந்துபோன ஆண்டுக்கு ஒன்று, ஏப்ரல் முதல் இறந்த நாள் வரைக்கும் ஒன்று. இரண்டாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

4. வருமான வரித் தளத்தில் வாரிசாகப் பதிவது

அப்பாவின் பாஸ்வேர்டு தெரியும், அதிலேயே போய் ரிட்டர்ன் போட்டுவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். இறந்தவர் பெயரில் உள்நுழைந்து, அவர் கையெழுத்திட்டதுபோல் தாக்கல் செய்வது செல்லாது. பிறகு நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வழி இருக்காது.

உங்கள் பான் எண்ணில் உள்நுழையுங்கள். அங்கீகரிக்கப்பட்டவர்களைச் சேர்க்கும் பகுதியில், பிரதிநிதியாகப் பதியும் வசதி இருக்கிறது. அதில் "இறந்தவர், சட்டப்படியான வாரிசு" என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். தேவையான ஆவணங்கள்:

- இறந்தவரின் பான் அட்டை
- உங்கள் பான் அட்டை
- இறப்புச் சான்றிதழ்
- வாரிசுச் சான்றிதழ், அல்லது பதிவு செய்த உயில் போன்ற வாரிசு ஆதாரம்
- இழப்பீட்டு உறுதிக் கடிதம் (மாதிரி அந்தத் தளத்திலேயே இருக்கிறது)

கடிதத்தை நான் 100 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி வாங்கினேன். வாரிசுகளில் ஒருவர் பதிந்தால் போதும், எல்லோரும் பதிய வேண்டாம். ஆதாருடன் இணைந்த கைப்பேசி யாரிடம் எப்போதும் கையில் இருக்கிறதோ அவர் பெயரில் பதியுங்கள், ஓடிபி அவருக்குத்தான் வரும். என் இரண்டாவது விண்ணப்பம் ஒரு வாரத்துக்குள் ஏற்கப்பட்டது. முதல் விண்ணப்பம் பெயர்க் குழப்பத்தால் நிராகரிக்கப்பட்டபோது ஜூலை கடைசி ஆகிவிட்டது. ஆகவே கடைசி நாளுக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே இந்தப் பதிவை முடித்துவிடுங்கள்.

தாமதத்தின் விலையையும் சொல்லிவிடுகிறேன். கடைசி நாளுக்குப் பிறகு போட்டால் மொத்த வருமானம் 5 லட்சம் வரை 1,000 ரூபாயும், அதற்கு மேல் 5,000 ரூபாயும் தாமதக் கட்டணம். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. தாமதமாகப் போடும்போது பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. மூத்த குடிமக்களுக்கான 50,000 ரூபாய் வட்டிக் கழிவு, 80சி எனப்படும் முதலீட்டுக் கழிவுகள் எல்லாம் போய்விடும். அப்பாவின் வருமானம் 4 லட்சத்துக்குள் இருந்ததால் புதிய முறையிலும் எங்களுக்கு வரி வரவில்லை, 1,000 ரூபாய் கட்டணத்தோடு போனது. பெரிய முதலீட்டுக் கழிவுகள் உள்ளவருக்கு இது நிஜமான அடி.

தாக்கல் செய்யும் முன் அப்பாவின் பான் எண்ணில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கையை இறக்கிப் பாருங்கள். நமக்குத் தெரியாத வைப்புநிதி, பங்கு, பாலிசி எல்லாம் அதில் தெரியும். ஒரு வங்கியில் அவர் போட்டு வைத்திருந்த 2 லட்சம் ரூபாய் எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

ரீஃபண்ட் வரவேண்டியிருந்தால், அது போய்ச் சேரும் வங்கிக் கணக்கைச் சரிபாருங்கள். மூடிய கணக்கு பதிவில் இருந்தால் பணம் திரும்பிவிடும். பான் அட்டையை ஒப்படைப்பது எல்லாம் முடிந்த பிறகு செய்யும் வேலை. அவசரப்பட்டு முதலிலேயே ஒப்படைத்துவிடாதீர்கள்.

அப்பா வைத்துவிட்டுப்போன வரிப் பாக்கி ஏதும் இருந்தால் அதை வாரிசு கட்ட வேண்டும். ஆனால் அவரிடமிருந்து வந்த சொத்தின் மதிப்பு வரைக்கும்தான். நம் சொந்தச் சம்பாத்தியத்தில் கை வைக்க முடியாது.

5. வங்கியும் நாமினியும்

இறந்த செய்தியை ஒவ்வொரு வங்கிக்கும் எழுத்தில் கொடுத்து, கொடுத்த நகலில் முத்திரை வாங்குங்கள். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நான் விட்டதால், ஒரு வங்கி மார்ச் வரைக்கும் அப்பாவின் பான் எண்ணிலேயே வட்டிக்கு டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்துக்கொண்டிருந்தது. வருமானம் வாரிசுகளுடையது, பிடித்த வரி இறந்தவர் கணக்கில். இதைச் சரிசெய்ய வங்கி தன் டிடிஎஸ் அறிக்கையைத் திருத்த வேண்டும். ஐடிஆர்-2 என்ற ரிட்டர்ன் படிவத்தில் வேறொருவர் பெயரில் பிடிக்கப்பட்ட வரியைக் கோர இடம் இருக்கிறது. ஆனால் அதற்கும் வங்கியின் ஒத்துழைப்பு இல்லாமல் முடியாது. மூன்று முறை நேரில் போனேன்.

வைப்பாளர் இறந்துவிட்டால் வைப்புநிதியை முன்கூட்டியே முடிப்பதற்கு அபராதம் கிடையாது. ரிசர்வ் வங்கி விதி அது. கவுன்டரில் இருப்பவர் வேறு மாதிரி சொன்னால் மேலாளரிடம் கேளுங்கள்.

நாமினி என்றால் உரிமையாளர் என்று நினைப்பது பரவலான தவறு. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர், அவ்வளவுதான். உரிமை வாரிசுகளுக்கு, அல்லது உயிலில் எழுதப்பட்டவருக்கு. பங்குகளுக்கும் இதுதான் நிலை என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் வேறுபாடு உண்டு. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் 2015 முதல் அவர்களே பயனாளிகள்.

நாமினி இல்லாத கணக்குக்கு மற்ற வாரிசுகளின் ஒப்புதல் கடிதம் கேட்டார்கள். தங்கை சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டியிருந்தது. அந்த ஒரு தாளுக்கு மூன்று வாரம். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். உங்கள் கணக்குகளில் நாமினி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

6. பங்கை விட்டுக்கொடுப்பது

அப்பாயி தன் கால் பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினார். இயல்பாக, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் அம்மாவின் பேரில் எழுதத்தான் நினைத்தார். ஆடிட்டர் தடுத்தார். மகனின் மனைவிக்கு ஒருவர் இலவசமாகச் சொத்தைக் கொடுத்தால், அந்தச் சொத்தில் வரும் வருமானம் கொடுத்தவரின் வருமானமாகவே கணக்கிடப்படும் என்று வரிச் சட்டத்தில் விதி இருக்கிறது. மகன் இறந்த பிறகு அது பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. வாதமே வேண்டாம் என்றால், வயது வந்த பேரனுக்கு எழுதுவதுதான் சுத்தம். பேரனுக்கு அந்த விதி கிடையாது. அதனால் என் பேரில் விடுதலைப் பத்திரம் எழுதினோம். அம்மாவிடம் உட்கார்ந்து இதை விளக்கிச் சொன்ன பிறகே கையெழுத்தானது. பணக் கணக்கைவிட இந்தப் பேச்சு முக்கியம், மனத்தாங்கல் வந்துவிடக் கூடாது.

செலவைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் குடும்பத்தினருக்குள் எழுதும் விடுதலை, செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுப்பது) பத்திரங்களுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலை 10 முதல் இந்த வரம்புகள். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புப்படி அப்பாயியின் பங்கு 12 லட்சம். தீர்வை 12,000, பதிவுக் கட்டணம் 10,000. பத்திரம் எழுதியவருக்குத் தனி. எனக்கு வருமான வரி இல்லை, ஏனென்றால் பாட்டியிடமிருந்து வந்தது.

7. வீட்டை விற்கும்போது

இங்கேதான் பணம் போகும் அல்லது மிஞ்சும். நிதானமாகப் படியுங்கள்.

வாரிசுக்கு வரும் வீட்டுக்கு வாங்கிய விலை சுழியம் இல்லை. அப்பா வாங்கிய விலைதான் உங்கள் விலை. அப்பா வாங்கிய தேதிதான் உங்கள் தேதி. அதனால் நேற்று வாரிசாக வந்த வீட்டை இன்று விற்றாலும், அப்பா வைத்திருந்த காலத்தையும் சேர்த்து 24 மாதம் தாண்டியிருந்தால் அதில் வரும் லாபம் நீண்டகால ஆதாயம்.

அப்பா 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியிருந்தால், அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பை விலையாக எடுத்துக்கொள்ளலாம். அரசுப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்க வேண்டும், எனக்கு 7,500 ரூபாய் ஆனது. ஒரு கட்டுப்பாடு: அந்தத் தேதிக்கு அரசின் வழிகாட்டி மதிப்பு இருந்தால் அதைத் தாண்டக் கூடாது. மதிப்பீட்டாளர் தாராளமாக எழுதித் தந்தாலும் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த ஆண்டின் மதிப்பைக் கேட்டு வாங்கிச் சேர்த்து வையுங்கள்.

இப்போது வரி வீதம். 2024 ஜூலை 23 முதல் விற்கும் வீடு, மனைகளுக்கு 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் சொத்து கைக்கு வந்திருந்து, விற்பவர் இந்தியாவில் வசிக்கும் தனிநபராக இருந்தால், பழைய முறைப்படி சரிக்கட்டலுடன் 20 சதவீதத்தையும் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம்.

எங்கள் வீடு 2025 பிப்ரவரியில் 72 லட்சத்துக்குப் போனது. 2001 மதிப்பு 12 லட்சம். முழு வீட்டுக்கும் கணக்கு இப்படி:

- புதிய முறை: 72 − 12 = 60 லட்சம். அதில் 12.5 சதவீதம் 7.5 லட்சம்.
- பழைய முறை: 2024-25இன் பணவீக்கக் குறியீடு 363 (2001-02இல் 100). 12 லட்சம் 43.56 லட்சமாகிறது. 72 − 43.56 = 28.44 லட்சம். அதில் 20 சதவீதம் 5.69 லட்சம் போல.

இரண்டுக்கும் மேல் 4 சதவீத செஸ் உண்டு. ஒருவேளை 2001 மதிப்பு 6 லட்சம்தான் என்றால் நிலைமை தலைகீழ்: புதிய முறையில் 8.25 லட்சம், பழைய முறையில் 10.04 லட்சம். நான் ஒரு சுருக்கமான அளவுகோல் வைத்திருக்கிறேன். 2024-25இல் விற்றவர்களுக்கு, விற்ற விலை 2001 மதிப்பைப்போல் எட்டு மடங்குக்குள் இருந்தால் பழைய முறை லாபம், எட்டைத் தாண்டினால் புதிய முறை. 2025-26க்குக் குறியீடு 376, ஆகவே அந்த எல்லை எட்டே கால் மடங்குக்குச் சற்று மேலே போகும்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு வாரிசும் தன் பங்குக்குத் தனித்தனியாகப் போட வேண்டும். இது நல்லதுதான். வேறு வருமானம் அதிகமில்லாத, இங்கேயே வசிக்கும் அம்மா போன்றவர்களுக்கு, அடிப்படை விலக்கு வரம்பில் மீதமிருக்கும் தொகையை இந்த ஆதாயத்திலிருந்து கழிக்கலாம். ஆனால் ரிட்டர்னுக்குத் தேர்ந்தெடுக்கும் புதிய வரி முறையில் வரியைச் சுழியமாக்கும் தள்ளுபடி இந்த ஆதாயத்துக்குக் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். சிறப்பு வீத வருமானத்துக்கு அது பொருந்தாது.

2001க்குப் பிறகு அப்பா செய்த கட்டுமானச் செலவையும் சேர்க்கலாம், பில் இருந்தால். 2008இல் அவர் மாடி கட்டினார். கொத்தனாருக்கும் சிமெண்ட் கடைக்கும் கொடுத்ததை ஒரு நோட்டில் எழுதியிருந்தார். பில் ஒன்றுகூட இல்லை. அந்தச் செலவை எங்களால் காட்ட முடியவில்லை.

பொறிகள் நான்கு:

முதலாவது, வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவாகப் பத்திரத்தில் எழுதுவது. வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, ரொக்கம். சொத்து விற்பனையில் முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கலாம். அபராதம் வாங்கியவருக்கு, அதாவது நமக்கு.

மூன்றாவது, வாங்குபவர் பிடிக்கும் டிடிஎஸ். மொத்த விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதம் பிடிக்க வேண்டும். தனித்தனிப் பங்கு 50 லட்சத்துக்குக் குறைவாக இருந்தாலும் மொத்தத்தைத்தான் பார்ப்பார்கள். ஒவ்வொரு விற்பவருக்கும் தனிப் படிவம் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒருவர் பான் எண்ணிலேயே கட்டிவிட்டால் பிரித்தெடுப்பது பெரிய வேலை.

நான்காவது, காலக்கெடு. ஆதாயத்தை வேறு வீட்டில் போட்டு வரியைத் தவிர்க்க, விற்பதற்கு ஓராண்டு முன்போ இரண்டு ஆண்டுக்குள் பின்போ வாங்க வேண்டும், அல்லது மூன்று ஆண்டுக்குள் கட்ட வேண்டும். ரிட்டர்ன் போடும் கடைசி நாளுக்குள் வாங்கி முடிக்கவில்லை என்றால் பணத்தைச் சாதாரண சேமிப்புக் கணக்கில் வைத்திருக்கக் கூடாது. அதற்கென்றே உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட வேண்டும். வீடு வேண்டாம் என்றால் ஆறு மாதத்துக்குள் ஆர்இசி, பிஎஃப்சி போன்ற நிறுவனங்களின் வரிச்சலுகைக் கடன் பத்திரங்களில் 50 லட்சம் வரை போடலாம். ஐந்து ஆண்டு எடுக்க முடியாது, வட்டிக்கு வரி உண்டு. அம்மா இதைத்தான் செய்தார்.

மியூச்சுவல் ஃபண்டுக்கும் நகைக்கும் இதே கொள்கைதான்: அப்பா வாங்கிய விலையும் தேதியும் நமக்கு வரும். ஃபண்டின் பழைய அறிக்கைகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

8. வெளிநாட்டில் இருக்கும் வாரிசு

தங்கையின் பங்கு 18 லட்சம். வெளிநாடுவாழ் விற்பவருக்கு 1 சதவீதம் இல்லை, செஸ்ஸுடன் 13 சதவீதம். அதுவும் ஆதாயத்தின் மேல் இல்லை, முழு விலையின் மேல்: 2,34,000 ரூபாய். 20 சதவீதப் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவருக்கு இல்லை. அவருடைய உண்மையான வரி 1,95,000தான். முன்கூட்டியே விண்ணப்பித்தால், குறைத்துப் பிடிக்கலாம் என்று வருமான வரித் துறை சான்றிதழ் தரும். எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. விலை பேசி முடித்த அன்றே விண்ணப்பியுங்கள், பத்திரப்பதிவு நாளை அதற்கேற்ப வையுங்கள். வெளிநாடுவாழ் விற்பவர் ஒருவர் இருப்பதை வாங்குபவரிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவதும் நல்லது. அவர் வரி பிடித்துக் கட்டுவதற்கான டான் எண்ணைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது, கடைசி நிமிடத்தில் தெரிந்ததால் விற்பனையே தள்ளிப்போனது.

தங்கையின் பவர் பத்திரம் சிங்கப்பூரில் தூதரகச் சான்றுடன் வந்தது. இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை செலுத்திவிட வேண்டும். விற்ற பணம் அவருடைய என்ஆர்ஓ கணக்குக்குத்தான் (வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) போகும். அங்கிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம், ஆடிட்டர் சான்றுடன்.

9. இனி நம் பங்குக்கு

இதெல்லாம் முடிந்தபின் அம்மாவுக்கும் எனக்கும் செய்துவைத்தவை இவை.

உயில். முத்திரைத்தீர்வை கிடையாது, பதிவும் கட்டாயம் இல்லை, ஆனால் பதிவு செய்தால் பின்னால் சண்டை குறையும். இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்து பெறுபவர் சாட்சியாக இருக்க வேண்டாம். உயிருள்ளவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் அப்படி இல்லை, எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான். வயதான காலத்தில் வீட்டை எழுதிக் கொடுக்கச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால், தயவுசெய்து உயிலோடு நிறுத்துங்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ஆயுள்கால அனுபவ உரிமையையும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்தில் எழுதுங்கள்.

உயிரோடு இருக்கும்போது கொடுக்கும் பணம். மனைவிக்கோ மருமகளுக்கோ கொடுத்துப் போட்ட வைப்புநிதியின் வட்டி கொடுத்தவர் கணக்கில்தான் சேரும். சிறுவர்களின் வட்டி, பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவர் கணக்கில் சேரும். வயது வந்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் கொடுத்தால் அந்தச் சேர்ப்பு இல்லை. அம்மாவுக்கு நான் கொடுத்த 5 லட்சத்தை வங்கி வழியாக அனுப்பி, ஒரு தானக் கடிதமும் எழுதி வைத்தேன்.

உறவு என்று நாம் நினைப்பதும் வரிச் சட்டம் நினைப்பதும் ஒன்றல்ல. தாய்மாமா அக்கா மகனுக்குக் கொடுத்தால் வரி இல்லை. அதே அக்கா மகன் மாமாவுக்கு மருத்துவச் செலவுக்கு என்று 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால், சட்டப்படி மாமாவுக்கு அது முழுவதும் வருமானம். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளும் சட்டத்தின் உறவினர் பட்டியலில் இல்லை. அவர்களுக்குள் கொடுப்பது கடனாக இருந்தால் கடன் என்றே எழுதி, வங்கி வழியாக அனுப்புங்கள்.

10. ஒரு கோப்பு

அம்மாவின் பெயரில் ஒரு கோப்பு போட்டிருக்கிறேன். அதில் இருப்பவை: பான், ஆதார் நகல்கள், வங்கிக் கணக்கு எண்களும் நாமினி விவரமும் எழுதிய ஒரு தாள், கடன் பத்திரச் சான்று, விற்ற வீட்டின் பத்திர நகல், மதிப்பீட்டாளர் அறிக்கை, மூன்று ஆண்டு ரிட்டர்ன்கள், நகை வாங்கிய ரசீதுகள், உயில் பதிவான எண், ஆடிட்டரின் கைப்பேசி எண். கோப்பின் முதல் பக்கத்தில் அம்மாவின் பெயர், பான் அட்டையில் உள்ள அதே எழுத்துகளில், அதே வரிசையில். ஒவ்வொரு ஏப்ரலிலும் எடுத்துப் புதுப்பிக்கிறோம். அது எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி எங்கே என்பது தங்கைக்கும் தெரியும்.